பலராமனுக்குப் பேச்சு திரும்பிய மாதம்

“பொழுதுக்கும் நீயே ஊட்டி வுட்டுகினு இருந்தா அவுரு கை எப்பக்கா வேலை செய்யும்? டாக்டரு சொன்னது உன் காதுல வுழலியா?” என்று பக்கத்து வீட்டுச் செந்தாமரை தன் புருஷனுக்காக என் வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தாள். எனக்கு அடுப்பில் பால் பொங்கும் நேரம். நான் பாலைத்தான் கவனித்தேன்.

“மனுசன் பசியில கீறாரு. சோறு மடியில கொட்டுறத நான் வேடிக்கை பாத்துகினு இருக்கணுமா?”

“ஆமாக்கா, வேடிக்கை பாரு. அதான் வைத்தியமே. நல்ல கைக்கு சாக்ஸ மாட்டிட்டுப் போறேன், நொண்டிக் கை பழகணும்னு. சாயங்காலம் வந்து பாத்தா சாக்ஸு கொடியில காயுது.”

“நாத்தம் அடிச்சிது, தொவைச்சேன்.”

அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பால் பொங்கியது, காபி போட்டேன், இருவரும் குடித்தோம். எங்கள் சண்டை எல்லாம் அவ்வளவு தூரம்தான் போகும்.

இருங்காட்டுக்கோட்டையில் தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருக்கிறது எங்கள் தெரு. அவர்கள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். அங்கே தும்மினால் இங்கே கேட்கும். அதற்கு நான் என்ன செய்ய முடியும், சுவரைக் கட்டியது நானில்லை. தெருவில் என்னைக் கண்டால் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள் என்பது எனக்கும் தெரியும். ‘லீலாக்கா வருது’ என்று குழாயடியில் ஒருத்தி முணுமுணுப்பாள், மற்றவர்கள் குடத்தைப் பார்ப்பார்கள்.

பலராமன் கம்பெனி ஒன்றில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவர். போன வருஷம் தை மாதம் ஒரு காலையில் வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் ஒன்றாகப் போயின. பக்கவாதம். அவர் மனைவி செந்தாமரைக்கு ஒயர் கம்பெனியில் வேலை, மகள் பூஜாவுக்குப் போன் கம்பெனியில். இரண்டு இடத்திலும் வாசலிலேயே செல்போனை வாங்கி லாக்கரில் பூட்டிவிடுவார்கள். அவசரம் என்றால் சூப்பர்வைசர் இராமச்சந்திரனை அழைக்க வேண்டும். அந்த நம்பரைச் செந்தாமரை கட்டிலுக்கு மேலே சுவரில் பெரிதாக எழுதி, பக்கத்திலேயே ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளையும் ஒட்டினாள். காலை ஐந்தரைக்குக் கம்பெனி பஸ் ஏறினால் நான்கு மணிக்குத்தான் திரும்புவார்கள். பகலில் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். நானே போய்க் கேட்டேன், நான் பார்த்துக்கொள்ளட்டுமா என்று. சம்பளம் வேண்டாம் என்றேன். செந்தாமரை என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

காது நன்றாகக் கேட்கும், சொல்வதெல்லாம் புரியும், திருப்பிச் சொல்லத்தான் வராது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அப்படிப்பட்ட ஒரு மனிதரைத்தான் நான் இத்தனை காலம் தேடிக்கொண்டிருந்தேன் என்று முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது.

எல்லாம் சொன்னேன். மெயின் ரோட்டு மளிகைக்கடைக்காரர் எங்கே போகிறார், இசக்கிதுரை என்று ஒரு தெக்கத்திப் பையன் மாடி அறையில் யாரைக் கூட்டி வைத்திருக்கிறான், யார் நகை எந்தப் பேங்கில் இருக்கிறது. அவர் கண்ணை எடுக்காமல் கேட்பார். வாயோரம் எச்சில் வழிந்தால் துடைத்துவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்வேன். ஒரு மாதத்தில் ஊர்க்கதை தீர்ந்துவிட்டது. பிறகு என் கதைக்கு வந்தேன்.

பெண் கேட்டு வருகிறவர்கள் அக்கம்பக்கத்தில் விசாரிப்பது இங்கே வழக்கம். தண்டலத்திலிருந்து சிவசங்கர் என்ற பையனுக்குப் பூஜாவைப் பேசி முடித்தபோது, அவன் அம்மா என் வீட்டுக்குத்தான் வந்தாள். “பொண்ணு எப்படிம்மா?” என்றாள். “நல்ல பொண்ணு” என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் அவள் எழுந்து போய்விடுவாளே. வெகு நாளைக்குப் பிறகு என் வீட்டில் ஒரு மனுஷி உட்கார்ந்து, நான் அடுத்து என்ன சொல்வேன் என்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். “பைக்ல கொண்டாந்து வுடுற பையனும் நல்ல பையன்தான்” என்றேன். அப்படி ஒரு பையன் கிடையாது. மறுவாரம் தட்டு திரும்பி வந்தது. அதற்கடுத்த திங்கட்கிழமை பலராமன் விழுந்தார். இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று நான் டாக்டரிடம் கேட்கவில்லை.

இதைத்தான் அவரிடம் சொன்னேன். சொன்னதும் நெஞ்சு லேசாகிவிட்டது. அவருடைய இடது கை கட்டில் விளிம்பை இறுகப் பிடித்திருந்தது. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டேன்.

அந்த வாரத்திலிருந்து அவர் பேச்சுப் பயிற்சி செய்ய ஆரம்பித்தார். அதுவரை பகலவன் என்கிற பிசியோதெரபிக்காரர் வந்து கெஞ்சினாலும் வாயைத் திறக்காதவர், விடிவதற்கு முன்பே எண்ணத் தொடங்கினார். ஒண்ணு, ரெண்டு, மூணு. சுவருக்கு இந்தப் பக்கம் படுத்துக்கொண்டு கேட்பேன். ஏழில் தடுக்கும், மறுபடி ஒன்றிலிருந்து வருவார். இன்றைக்கும் கேட்கிறது. அந்த வீடு பூட்டிக் கிடக்கிறது, சாவி என்னிடம்தான் இருக்கிறது, திறந்தும் பார்த்துவிட்டேன்.

எண்ணிக்கைக்குப் பிறகு ‘தண்ணி’ வந்தது. பிறகு ‘பூஜா’. தெருவே வந்து பார்த்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் இருக்கும்போது செந்தாமரையைப் பிடித்து இழுத்து, முகம் சிவக்க, “பூஜா... கல்யாணம்...” என்றார். பிறகு கையைத் தூக்கி என்னைக் காட்டினார்.

“இன்னாக்கா சொல்றாரு?” என்றாள் செந்தாமரை. அவர் பேச்சுக்கு அர்த்தம் சொல்வது அந்த வீட்டில் என் வேலையாகிவிட்டிருந்தது.

“பூஜாக்கு நல்ல எடமா என்னிய பாக்கச் சொல்றாரு” என்றேன்.

அவர் தலையை ஆட்டினார், இல்லை இல்லை என்று. அந்த வியாதியில் ஆமாவும் இல்லையும் மாறிவிடும் என்று பகலவனே முன்பு சொல்லியிருந்தார். “பாருங்க, ஆமான்றாரு” என்றாள் பூஜா. அவள் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

இன்னும் ஒரு சொல், இரண்டு சொல். நடந்ததைச் சொல்லிவிட அதற்குமேல் அவருக்குத் தேவையில்லை. எனக்கு அந்த வீட்டை விட்டால் உட்கார வேறு வீடு இல்லை. இதைத் தயவுசெய்து புரிந்துகொள்ள வேண்டும்.

நான் எதையும் செய்யவில்லை. செய்துகொண்டிருந்த ஒன்றை நிறுத்தினேன், அவ்வளவுதான். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ரத்தம் கட்டாமல் இருக்க ஒரு மாத்திரை உண்டு. அட்டையிலிருந்து பிதுக்கி எடுத்து, அவருக்குக் கொடுக்காமல், பாத்திரம் கழுவும் தண்ணீரோடு ஊற்றிவிடுவேன். மாத்திரைக்காக அவர் வாயைத் திறந்து காத்திருப்பார். தண்ணீர் மட்டும் ஊற்றுவேன். மூன்று நாளில் அவருக்குப் புரிந்துவிட்டது. அட்டையைக் காட்டிக் காட்டிச் செந்தாமரையிடம் கத்தினார். “மாத்திரை கசக்குதாம், கொழந்த மாதிரி அடம்” என்றேன். “ஏன்யா அக்காவைப் படுத்துற?” என்று அவள் அவரைத்தான் திட்டினாள்.

இருபத்திரண்டாம் நாள் பகல் பதினொரு மணிக்கு நான் பேசிக்கொண்டே இருந்தபோது அவர் வாய் ஒரு பக்கம் இறங்கியது. நல்ல கையும் மடியிலிருந்து நழுவித் தொங்கியது. வாய் கோணினால், கை விழுந்தால், நாலரை மணி நேரத்துக்குள் கொண்டு வாருங்கள் என்று சுவரில் ஒட்டியிருந்த தாள் சொன்னது. அதற்கு மேலே இராமச்சந்திரன் நம்பர். என் போன் என் இடுப்பில் இருந்தது.

அவர் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன். தனியாக விடவில்லை. நடுவில் ஒரு முறை எழுந்து மின்விசிறியைக் குறைத்தேன், அவருக்கு வியர்வை ஆறிக் குளிர்ந்திருந்தது. அவர் பார்வை சுவருக்குப் போகும், என் இடுப்புக்கு வரும், மறுபடி சுவருக்குப் போகும். நான் பழைய கதைகளைச் சொல்லிக்கொண்டிருந்தேன். மணி நாலானதும் தெருமுனையில் கம்பெனி பஸ் ஹாரன் கேட்டது. அப்போதுதான் வெளியே ஓடி வந்து கூப்பாடு போட்டேன்.

“நல்ல வேளை லீலாக்கா கூட இருந்தாங்க” என்று தெருவே சொன்னது. குழாயடியில் முதல்முறையாக எனக்கு வழி விட்டார்கள்.

உயிர் தப்பியது. பேச்சு மொத்தமாகப் போயிற்று, எண்ணிக்கைகூட இல்லை. இடது கையும் போனது. புதிதாக ஒன்று வந்தது: அழுகை. காரணமே இல்லாமல் அழுவார், மூளையில் அந்த நரம்பு கெட்டுவிட்டது, அழுதால் பொருட்படுத்தாதீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இந்த ஆவணியில் பகலவன் பூஜாவைக் கட்டிக்கொண்டார். அவருக்கு அந்தக் குடும்பம் தெரிந்ததுதானே, விசாரிக்க யாரும் என் வீட்டுக்கு வரவில்லை. கொஞ்சம் வருத்தம்தான். கல்யாணத்தில் முதல் வரிசையில் எனக்கு நாற்காலி போட்டார்கள். சக்கர நாற்காலியில் பலராமன் என்னைக் கண்டதும் அழுதார், மேளத்துக்கு மேல் கேட்கும்படி. “அக்கா மேல அவ்வளவு பாசம்” என்று செந்தாமரை எல்லோரிடமும் சொன்னாள்.

இப்போது எல்லோரும் வாலாஜாபாத்தில் பகலவன் வீட்டுக்கே போய்விட்டார்கள். வாரத்துக்கு ஒரு முறை நான் போன் செய்கிறேன். செந்தாமரை அதை அவர் காதில் வைத்துவிட்டுச் சமையலுக்குப் போய்விடுவாள். மாத்திரை விஷயம், நாலரை மணி நேர விஷயம், உங்களிடம் இன்று சொன்ன எல்லாவற்றையும் அவரிடம் முன்பே சொல்லிவிட்டேன், மனதில் எதையும் ஒளித்து வைக்கத் தெரியாது எனக்கு. அந்தப் பக்கம் அவர் அழுவது கேட்கும். பாவம், என்னை விட்டால் அவரிடம் மனம் விட்டுப் பேச யார் இருக்கிறார்கள்.