என் சான்றிதழை ஏற்காத செயலி

சர்க்கரை போடாத தேநீர் கிடைப்பது இந்தக் காலத்தில் அபூர்வம், நன்றி. நீங்கள் அவசரப்படுத்தாததால் வரிசையாகவே சொல்கிறேன்.

நான் ஒரு காப்பீட்டு அலுவலகத்தின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்பவன். ஊழியர்களின் போனுக்கும் வெளியே இருக்கும் சர்வர்களுக்கும் நடுவில் என் ஃபயர்வால் என்ற காவல் பெட்டி உட்கார்ந்திருக்கும். வருகிற தகவலை உறையைப்போலப் பிரித்து, படித்து, மறுபடி ஒட்டி, தன் முத்திரையைக் குத்தி அனுப்பும். போன் சந்தேகப்படக்கூடாது என்பதற்காக அந்த முத்திரை நம்பத்தக்கது என்று சொல்லும் எங்கள் டிஜிட்டல் சான்றிதழை முன்கூட்டியே அதில் ஏற்றிவிடுவோம். "உங்களுக்குத் தெரியாம ஒரு கொசு வெளிய போகுமா சார்?" என்று வரவேற்பில் இருக்கும் பெண் கிண்டலடிப்பாள். அதைக் கேட்க எனக்குப் பிடிக்கும்.

என் மனைவியின் போனிலும் அதை ஏற்றினேன். அவள் எங்கள் அலுவலகத்துக்காரி இல்லை. "வைரஸ் வராம இருக்கும், குடு" என்றேன்; மறுபேச்சில்லாமல் நீட்டினாள். வீட்டு வைஃபையையும் அலுவலகப் பெட்டி வழியாகவே போகும்படி திருப்பிவிட்டேன். அன்றிலிருந்து அவள் வீட்டில் இருந்தபடி எதைத் தட்டினாலும் அது என் பெட்டியைத் தாண்டித்தான் போனது. அக்காவோடு அடித்த அரட்டை, பார்த்த புடவைகள், தேடிய குழந்தைப் பெயர்கள், எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் படித்தேன். குறை சொல்ல ஒன்றுமே இல்லை. ஒருத்தி அவ்வளவு சுத்தமாக இருக்க முடியுமா என்பதுதான் எனக்கு உறுத்தியது.

கர்ப்பத்தின் ஏழாம் மாதத்தில் அவளுக்கு ரத்த அழுத்தம் ஏறியது. டாக்டர் ஒரு செயலியைக் கொடுத்தார். காலையும் மாலையும் அளந்து அனுப்ப வேண்டும். எல்லை மீறினால் ஆஸ்பத்திரி வண்டி வீட்டுக்கே வந்துவிடும். அந்தச் செயலி தன் சர்வரின் சான்றிதழைத் தவிர வேறு எதையும் நம்பாது. வங்கிச் செயலிகள் சிலவும் அப்படித்தான். அவற்றை விலக்குப் பட்டியலில் சேர்த்து, பிரிக்காமல் போகவிடுவது எங்கள் தொழில் வழக்கம். நானும் சேர்த்தேன்.

பத்து நாள் பொறுத்தேன். அவளுடைய எல்லாம் எனக்குத் திறந்திருக்க, இது மட்டும் என் மூஞ்சியில் கதவைச் சாத்தியது. "அந்த டாக்டர்கிட்ட பேசினாலே பயம் போயிடுதுங்க" என்று வேறு சொன்னாள். எனக்கு வயிறு எரிந்தது. திங்கட்கிழமை காலை பட்டியலிலிருந்து அந்த ஒரு வரியை எடுத்துவிட்டேன். இனி அது என்னை நம்பினால்தான் வெளியே போகலாம்.

மதியம் பெட்டியின் பதிவேட்டில், அந்தச் செயலி என் சான்றிதழை ஏற்கவில்லை என்று, மறுப்பு, மறுப்பு என எட்டு வரி விழுந்தது. பிறகு அவளே கூப்பிட்டாள்.

"என்னங்க, தலை பிளக்குது. கண்ணெல்லாம் மங்கலா இருக்கு. அளவு போகவே மாட்டேங்குது."

"எவ்வளவு காட்டுது?"

"மேல நூத்தி எண்பது, கீழ நூத்தி இருபது. ஆஸ்பத்திரிக்குப் போன் போடட்டுமா?"

"நீ எதுக்கு அலட்டிக்கறே? நானே டாக்டர்கிட்ட பேசறேன்."

நான்கு நிமிடம் கழித்துத் திரும்பக் கூப்பிட்டேன். "பேசிட்டேன். மாத்திரையப் போட்டுட்டுப் படுத்துக்கச் சொன்னார். சாயங்காலம் பாத்துக்கலாமாம்."

"அப்பாடா, இப்பதாங்க உயிரே வந்துச்சு" என்றாள்.

நான் யாரிடமும் பேசவில்லை. டாக்டர் சொல்லாததை டாக்டர் சொன்னதாகச் சொன்னேன். வேறு வழியில் அவரைத் தேடுகிறாளா என்று திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். அவள் தேடவில்லை. அந்த எண்களுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். டாக்டர் சொன்னபோது பக்கத்தில்தான் இருந்தேன். ஐந்தரைக்கு, எப்போதும்போல, கிளம்பினேன். வலிப்பு வந்து கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் கிடந்தாள். குழந்தையும் போய்விட்டது. இருவரையும் கொன்றது நான்தான் என்றே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் போனை வாங்கி அந்தச் செயலியைத் திறந்து பார்த்தேன். அளவுகள், மாத்திரை நேரங்கள். அந்த டாக்டருக்கு ஒரு சொல்கூட அதிகமாக எழுதியிருக்கவில்லை. மிச்சத்தை எனக்குத் தெரியாமல் எப்போது அழித்தாள் என்பதை மட்டும் நீங்கள் கண்டுபிடித்துத் தர வேண்டும்.