தறி நின்ன நேரம்

– கைய நீட்டு. மஞ்சப் பத்து போட்டா வீக்கம் வத்திடும்.

– தொடாதம்மா. வலிக்குது.

– மெதுவா பேசு ரேணுகா. பக்கத்து வூட்டு கிருஷ்ணம்மா காதுல விழப் போவுது.

– ஜரிகை வாங்கியாரச் சொன்ன. போனேன். ராமலிங்க மொதலாளி மாடிக்கு வரச் சொன்னாரு. டிரான்சிஸ்டரைப் பெருசா வெச்சாரு. அப்புறம் கதவைச் சாத்தினாரு.

– போதும். சொல்லாத.

– சொல்லித்தான் ஆவணும். நீ சொல்லிக் குடுத்த மாதிரியேதாம்மா செஞ்சேன். எவனாச்சும் கை வெச்சா அழாத, கெஞ்சாத, அவன் பேரைச் சொல்லிக் கத்துன்னு சொன்ன இல்ல? சன்னல் தொறந்துதான் இருந்துச்சு. அடிவயித்துலேர்ந்து கத்தினேன்.

– மொதலாளி பேரையா?

– ராமலிங்கம், கைய விடுன்னு. தொண்டை கிழியற வரைக்கும்.

– அடிப்பாவி. அவரு நூலு குடுத்தாதான்டி நம்ம வூட்டுல ஒல கொதிக்கும். ஏதோ காமாட்சி புண்ணியம், தறிச் சத்தத்துல யாருக்கும் கேட்டிருக்காது. தை பொறந்தா உனக்கு எடம் பார்க்கணும். நாலு பேருக்குத் தெரிஞ்சா எவன் வருவான்?

– கேட்டுச்சும்மா.

– எப்படிக் கேக்கும்? தெரு பூராவும் தறி ஓடிக்கினு இருக்குது.

– நின்னுச்சு. நான் கத்தக் கத்த ஒவ்வொண்ணா நின்னுச்சு. பிள்ளையார்பாளையத்துல பட்டப்பகல்ல அப்படி ஒரு அமைதிய நான் கேட்டதே இல்ல. அதுக்கே பயந்துட்டாரு. கைய விட்டுட்டாரு. யாராச்சும் ஏறி வருவாங்கன்னு ரெண்டு பேரும் கதவையே பார்த்துக்கினு நின்னோம்.

– அழாத.

– நான் அழலம்மா. ஒரு தறி மறுபடியும் கிறீச்சுன்னு ஓட ஆரம்பிச்சிச்சு. அதைக் கேட்டு மத்ததுங்களும் ஓடிச்சு. அவரு சிரிச்சாரு. அதுக்குள்ள நான் தாப்பாளைத் தொறந்துக்கினு ஓடியாந்துட்டேன்.

– யாரு வூட்டுத் தறியா இருந்தா என்ன? அவங்கவங்க பொழப்பு அவங்கவங்களுக்கு.

– மிதிச்சா கிறீச்சுங்கிற தறி இந்தத் தெருவுல ஒண்ணுதான். நம்முளுது.

– உங்கப்பாவுக்குக் காது மந்தம்டி. என்னமோ ஏதோன்னு நிறுத்தியிருப்பாரு, ஒண்ணுமில்லன்னு ஓட்டியிருப்பாரு. பெத்த அப்பன் மேல மனசுல எதுவும் வெச்சுக்காத.

– ஜரிகை வாங்கப் போறப்போ அப்பாவை வழியில பார்த்தேம்மா. கூரம் போற பஸ்ஸுக்கு நின்னுக்கினு இருந்தாரு. தறியில உக்காந்திருந்தது நீ.