பம்பாய்க்குப் போன ரத்தம்

— மறுபடியும் மோசமா? போன தடவை நன்னா இருக்குன்னாரே மன்னி? அதே டாக்டர்தானே?

— அதே டாக்டர்தான். நானும் அதே அனந்தலக்ஷ்மிதான். இந்தத் தைராய்டு ரத்தம் மட்டும் மாசத்துக்கு ஒரு வேஷம் போடறதாக்கும். கொஞ்சம் ஜலம் கொடுடீ கமலம். போட்டுத் துறையிலேர்ந்து இந்தப் படி வரைக்கும் நடந்ததுக்கே நெஞ்சு படபடங்கறது.

— கையும் நடுங்கறதே உங்களுக்கு. டம்ளரைப் பார்த்துப் பிடியுங்கோ. அண்ணா எங்க?

— வர்ற வழியில போட்டு ஐலண்டுல நின்னப்ப எறங்கிட்டார், ஆபீசுக்கு. மிச்சத் திட்டெல்லாம் சாயங்காலம் வந்தப்பறம். அந்த டாக்டர் அவர் முன்னாடியே கேக்கறார் கேட்டியா, குளிகையைச் சாப்பிடறேளா, ஜன்னல் வழியா எறியறேளான்னு. உங்கண்ணா என்னை ஒரு பார்வை பார்த்தார் பாரு. அப்படியே காயல்ல குதிச்சுடலாம்னு வந்தது.

— கஷ்டம். நீங்களா எறியறவ? காலம்பற குளிச்சதும் அதைத்தானே முதல்ல முழுங்கறேள்.

— ஒண்ணு ரெண்டாச்சு. நாளையிலேர்ந்து மூணாம். அதுக்கும் வழிக்கு வரலைன்னா மெட்ராசுக்குப் போய் ஆஸ்பத்திரியில படுக்கணுமாம். ரெண்டுக்கே ராத்திரி தூக்கம் இல்லை, ஒடம்பு பூரா வேர்வை. மூணு சாப்பிட்டா நான் இருப்பேனான்னே தெரியலைடீ.

— அப்படிப் பறயாதீங்கோ மன்னி.

— நீ எதுக்கு இந்தப் புழுக்கத்துல போர்வையைச் சுத்திண்டு உக்காந்திருக்கே? பார்த்தாலே எனக்கு மூச்சு முட்டறது.

— குளிரறது, கேட்டேளா. ஒண்ணுக்கும் வய்யா, ஒடம்பு முடியலை. தேங்காய் துருவ உக்காந்தவ அரிவாமணை மேலேயே தூங்கிட்டேன். அம்மா பார்த்துட்டு ஒரே கத்தல். கொழுப்புதான், வேறென்ன. அண்ணா சொல்றது சரிதான்.

— அம்மா இப்ப முழிச்சுண்டிருக்காளா?

— சாப்பிட்டுட்டுப் படுத்தா. குறட்டை கேக்கறதே.

— அப்ப கிட்ட வா. மெதுவா பேசு. நான் தூரமா இருந்த ரெண்டு தடவையும் நீ என் பேரைச் சொல்லிண்டு போய் ரத்தம் கொடுத்தயே... டாக்டர்கிட்ட அதைச் சொல்லிடலாம்னு இன்னைக்கு வாய் வரைக்கும் வந்துடுத்து.

— ஐயோ! சொல்லலையே?

— உங்கண்ணா பக்கத்துல நிக்கறச்சே எப்படிச் சொல்றது? மாசத்துல ஒரே ஒரு நாள்தான் இந்தத் தைராய்டுக்கு ரத்தம் எடுக்கறா. அன்னைக்குப் பார்த்து நான் கொல்லை ரூம்ல ஒதுங்கி உக்காந்திருந்தேன். அம்மா வாசப்படி தாண்ட விடுவாளா? போகலைன்னா உங்கண்ணா விடுவாரா? ரெண்டு பேருக்கும் நடுவுல நான் என்ன செய்யறது?

— நான்தானே போறேன்னு கிளம்பினேன். எனக்கு ஒரு சுகக்கேடும் இல்லை. நல்ல ரத்தம், சோதனை பேப்பர் நல்லதா வரும், அண்ணா கொஞ்ச நாள் வாயை மூடிண்டிருப்பான்னுதான் போனேன். அப்படியேதானே ஆச்சு? சஷ்டிக்கு நான் போனேன், நல்ல பேப்பர். கார்த்திகைக்கு நீங்க போனேள், மோசம். திருவாதிரைக்கு நான், மறுபடியும் நல்லது. இன்னைக்கு நீங்க.

— நானும் அந்தக் கணக்குலதான் இருந்தேன். உன் பேப்பர் வந்தா ஆத்துல சமாதானம், என் பேப்பர் வந்தா சண்டைன்னு. எத்தனை நாள் அழுதிருக்கேன் தெரியுமா, பகவான் எனக்கு மட்டும் ஏன் இப்படி ஒரு கெட்ட ரத்தத்தைக் கொடுத்தார்னு.

— இப்ப அதுல என்ன வந்துடுத்து?

— இன்னைக்கு ஊசி குத்தின நர்ஸ்கிட்ட கேட்டேன், இந்த ரத்தத்துக்கு டாக்டர் எப்பம்மா பேப்பர் காட்டுவார்னு. சிரிச்சுட்டா. சேச்சி, இது பம்பாய் போய்த் திரும்பி வர ஒரு மாசம் பிடிக்கும், இன்னைக்கு டாக்டர் கையில இருக்கறது போன மாசம் எடுத்த ரத்தத்தோடதுன்னா.

— போன மாசமா? ரத்தம் கொடுத்த அன்னைக்கே அண்ணா பேப்பர் கொண்டு வருவானே?

— ஆபீஸ் விட்டு வர்ற வழியில அவர் வாங்கிண்டு வந்ததெல்லாம் முந்தின மாசத்தோடதாக்கும். அவருக்கே தெரியாது.

— இருங்கோ, இருங்கோ. அப்ப சஷ்டி சமயத்துல வந்த நல்ல பேப்பர்?

— நவராத்திரியில நான் கொடுத்த ரத்தம்.

— திருவாதிரைக்கு வந்தது?

— அதுவும் என்னோடதுதான். கார்த்திகைக்குக் கொடுத்தது.

— மன்னி! அப்ப உங்களுக்கு ஒண்ணும் இல்லை! ஒரு குளிகையிலேயே சரியாயிருக்கேள்! வேண்டாத ரெண்டாவதை முழுங்கினதாலதான் இந்தப் படபடப்பு, நடுக்கம் எல்லாம். இன்னைக்கே அண்ணாகிட்ட சொல்லிடுவோம். அடிச்சாலும் நான் வாங்கிக்கறேன், உங்களை மூணு முழுங்க விடமாட்டேன்.

— சொல்லத்தான் போறேன். நாளைக்கு டாக்டர்கிட்டயும் போறேன். உன்னையும் கூட்டிண்டு.

— நான் எதுக்கு?

— நல்ல பேப்பர் ரெண்டும் யாரோடதுன்னு கேட்டே. மத்த ரெண்டு யாரோடதுன்னு நீ கேக்கவே இல்லையே கமலம்.

— அப்ப அந்த மோசமான ரெண்டும்... நான் கொடுத்ததா?

— டாக்டர் இன்னைக்கு ஒவ்வொண்ணா கேட்டார். வெயில்லயும் குளிரறதா? எப்பவும் தூக்கம் வர்றதா? தலைமுடி கொட்டறதா? காலம்பற எழுந்தா மூஞ்சி வீங்கியிருக்கா? எல்லாத்துக்கும் இல்லைன்னு தலையாட்டினேன். இப்படி ஒரு பேப்பரை வெச்சுண்டு நீங்க எப்படி எழுந்து நடமாடறேள்னு அவரே ஆச்சரியப்பட்டுட்டார். போட்டுல வர்றச்சே பூரா எனக்கு உன் மூஞ்சிதான் முன்னாடி நின்னது.

— டைப் கிளாஸ்ல விரல் ஓடலை, நீ இனிமே வராதேன்னாரே மாஸ்டர்...

— அதுவும் இதுலதான்டீ.

— பெண் பார்க்க வந்தவா முன்னாடி நான் சுவர்ல சாஞ்சு தூங்கிட்டேனே. அம்மா ரெண்டு நாள் என்கூடப் பேசலையே.

— அதுவும்தான். நானும் உன்னைச் சொல்லியிருக்கேன். அடுக்களையில இடிச்சு இடிச்சுப் பேசியிருக்கேன். இங்க வா, கையைக் கொடு. ஐஸ் மாதிரி இருக்கேடீ. ஏன் அழறே? குளிகை சாப்பிட்டா சரியாப் போயிடும். எனக்குச் சரியாகலையா? பயப்படாதே.

— பயந்து அழலை மன்னி.

— பின்னே?

— அப்ப நான் சோம்பேறி இல்லையா?