அச்ச முகத்தின் கீழே ஒரு படம்

மேடையில் இருக்கும் ஊராட்சித் தலைவர் அவர்களே, பாதிரியார் அவர்களே, ஹெர்டிஸின் கணவர் இவார் அவர்களே, நாற்காலியில் கால் எட்டாமல் உட்கார்ந்திருக்கும் குழந்தைகளே, இந்தத் தீவின் மக்களே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம். நான் ஓட்வார். பாலர் பள்ளியில் தரை துடைப்பவன், பனி அள்ளுபவன். எழுதி வந்ததை மெதுவாகத்தான் வாசிப்பேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மறைந்த ஹெர்டிஸ் ஆசிரியை நம் தீவுக்கு என்ன செய்தார்? வாசலில் ஒரு பலகை மாட்டினார். அதில் நான்கு முகங்கள்: மகிழ்ச்சி, துயரம், கோபம், அச்சம். காலையில் வந்ததும் குழந்தைகள் தங்கள் படத்தை ஏதாவது ஒரு முகத்தின் கீழே மாட்டுவார்கள். ஆசிரியை பக்கத்தில் அமர்ந்து ஒரே கேள்வி கேட்பார்: “எந்த இடத்துல இருக்கு?” ஒரு குழந்தை வயிற்றைக் காட்டும். இன்னொன்று தொண்டையைக் காட்டும்.

மீன்பிடிக்கும் அஸ்கெய்ர் முதல் வாரமே சண்டைக்கு வந்தார். “என் பையனுக்கு அழக் கத்துக்குடுக்கவா இங்க அனுப்புறேன்? அத அவன் பொறந்தன்னைக்கே படிச்சுட்டான்.”

“அழத் தெரியும். எதுக்கு அழறோம்னு சொல்லத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமா?” என்றார் ஹெர்டிஸ்.

அஸ்கெய்ர் மகனை விட்டுவிட்டுப் படகுக்குப் போனார். அவருடைய தம்பியைக் கடல் கொண்டுபோன குளிர்காலத்தில், பள்ளி வாசலில் மகன் அவர் கையைப் பிடித்து, “எந்த இடத்துலப்பா?” என்று கேட்டான். ஈரக் காலணிகளின் நடுவே அமர்ந்து அந்த மனிதர் அழுததை நான் பார்த்தேன். இது சின்ன வேலையா? சொல்லுங்கள், இது சின்ன வேலையா?

இனி நான் சொல்லப்போவது இவாருக்கும் தெரியாது.

பலகையில் ஹெர்டிஸின் படமும் உண்டு. பதினெட்டு ஆண்டுகளாக அது மகிழ்ச்சியின் கீழேதான் இருந்தது. போன செவ்வாய்க்கிழமை காலை அச்சத்தின் கீழே இருந்தது. பிள்ளைகளின் குறும்பு என்று நினைத்து எடுத்தேன். நான்கு வயது ரூனா பார்த்துவிட்டாள்.

“ஓட்வார் தாத்தா, அத ஏன் எடுக்கிற?”

“நீதான மாத்தி வச்ச? டீச்சர் படத்துல விளையாடக் கூடாது.”

“நான் வைக்கல. அவங்களே வச்சாங்க.”

“டீச்சருக்கு என்ன பயம்? போ, போய் மழைக்கோட்டைப் போடு.”

படத்தை மகிழ்ச்சியின் கீழே மாட்டினேன். மேலே துணியால் துடைக்கவும் செய்தேன்.

பத்து மணிக்கு, ஈர உடைகள் காயும் அறையில் ஹெர்டிஸ் விழுந்தார். விடியலிலிருந்தே நெஞ்சு வலித்திருக்கும் என்றார் மருத்துவர். எங்களிடம் வாய்விட்டுச் சொல்ல அவருக்கு வரவில்லை போலும். குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுத்த வழியில் சொல்லிப் பார்த்தார். அப்போதே மருத்துவரை அழைத்திருந்தால் பிழைத்திருப்பாரா, எனக்குத் தெரியாது. ஆனால் “எந்த இடத்துல?” என்று கேட்டிருந்தால் நெஞ்சைக் காட்டியிருப்பார். நான் கேட்கவில்லை. இவார், நான் கேட்கவில்லை.

அன்பர்களே, அந்தப் பலகை வாசலை விட்டு இறங்காது. திங்கட்கிழமை முதல் அதில் சமையல்காரரின் படமும் இருக்கும், என் படமும் இருக்கும், பிள்ளைகளை விட வரும் உங்கள் படமும் இருக்கும். ஒருவர் வைத்த படத்தை இன்னொருவர் தொட மாட்டோம். பக்கத்தில் போய் அமர்ந்து கேட்போம். ஹெர்டிஸ் ஆசிரியைக்கு நாம் தரும் வாக்கு இது.

என் படத்தை இன்று காலையே மாட்டிவிட்டேன், துயரத்தின் கீழே. ரூனா வந்து என் பக்கத்தில் அமர்ந்தாள். “எந்த இடத்துல, தாத்தா?” என்றாள்.

படத்தை எடுத்த இந்தக் கையைத்தான் அவளிடம் நீட்டினேன்.