எதிர்மேட்டுக் குரல்

எனக்குக் காப்பி வேண்டாம், இன்ஸ்பெக்டர் ஐயா. நான் காப்பி எஸ்டேட்டுக்கே காவல்காரன்தான், ஆனாலும் ஒரு வாய் குடித்தால் நெஞ்சைக் கரிக்கும். சின்னன் இதைச் சொல்லிச் சொல்லியே என்னைக் கேலி செய்வான்.

சின்னனும் நானும் கிளியூர்ப் பக்கம் சேர்ந்தே வேட்டைக்குப் போனவர்கள். நாட்டுத் துப்பாக்கிக்குக் கிட்டத்தில் போயாக வேண்டும். காதுமயிர் கண்ணுக்குத் தெரிந்தால்தான் சுடுவோம். அடிபட்டு ஓடினால் பின்னாலேயே போய், முடித்துவிட்டு வந்துதான் சோறு. புதருக்குள் நடக்கிறவன் 'கூ' என்று குரல் கொடுப்பான். துப்பாக்கி வைத்திருப்பவன் உடனே குழலைக் கீழே இறக்கிவிட வேண்டும். இதெல்லாம் எங்கள் மலையில் முறை.

முதலாளியின் தொலைநோக்கி வைத்த ரைஃபிள் என் பொறுப்புக்கு வந்த பிறகு எனக்கு நடக்கவே அலுப்பாகிவிட்டது. இந்த மேட்டில் படுத்தபடியே எதிர்மேட்டில் மேய்ந்த காட்டெருமையைச் சுட்டேன். தாடை உடைந்து ஓடியது. பள்ளம் இறங்கி ஏற வேண்டுமே என்று பின்னால் போகவில்லை. அவ்வளவு தூரத்தில் நடப்பது வேறு யாரோ செய்தது போலத்தான் இருக்கும், ஐயா.

மேய முடியாமல் வெறிபிடித்துத் திரிந்த அந்த மாடு, ஊற்றுக்குத் தண்ணீர் எடுக்கப் போன சின்னத்தாயியை முட்டிக் கொன்றது. அவள் சின்னனின் மனைவி. பிறகு மாடும் செத்துக் கிடந்தது. தாடையில் இருந்த ரைஃபிள் குண்டு ஓட்டையைச் சின்னன் பார்த்துவிட்டான். இந்த மலையில் ரைஃபிள் என் கையில் மட்டும்தான்.

அவன் சண்டைக்கு வரவில்லை. "நீங்க பின்னாலயே போயிருந்தா அவ இருந்திருப்பாளுங்க மாமா. நாளைக்கு ரேஞ்சர்கிட்டச் சொல்லப் போறனுங்க" என்றான்.

தாயில்லாத என் மகள் மலருக்கு என்னை விட்டால் ஆளில்லை. நான் ஜெயிலுக்குப் போனால் அவள் கதி என்ன? அவன் காலில் விழுந்து அழுதேன். என்னைத் தூக்கி நிறுத்தினான். "மலர எங்கூட்டுல வெச்சுப் பாத்துக்கறனுங்க" என்றான். பெற்ற பிள்ளையையும் விட்டுக் கொடுக்க வேண்டும் என்றால் எப்படி? அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மறுநாள் காலையில் நல்ல பனி. ரேஞ்சர் ஆபீசுக்குப் போகிற எதிர்மேட்டுக் குறுக்குப் பாதையில் புதர் அசைந்தது. பன்றி என்று நினைத்துச் சுட்டதாக நேற்று உங்களிடம் சொன்னேன். அவ்வளவு தூரத்தில், அந்தப் பனியில், எதுவும் பன்றியாக இருக்கலாம். அதில் பொய் இல்லை. ஆனால் சின்னன் குரல் கொடுத்தான். என் இடம் அவனுக்குத் தெரியும். நான் குழலை இறக்கிவிடுவேன் என்று நம்பி, நீட்டிக் குரல் கொடுத்தான். பனியில் அந்தக் குரலை வைத்துத்தான் குறிபார்த்தேன்.

இந்தத் தடவை நான் அலுத்துக்கொள்ளவில்லை, ஐயா. பள்ளம் இறங்கி ஏறிப் போனேன். உயிர் இருந்தது. முடித்துவிட்டு வந்துதான் சோற்றில் கை வைத்தேன், மலர்தான் பரிமாறினாள். முறையை நான் மீறியது அந்தக் காட்டெருமை விஷயத்தில் மட்டும்தான்.