அண்ணியின் இசைத்தட்டுகளும் ஆடிய நாற்காலிகளும்

அவைக்குத் தலைமை தாங்கி, ஆடிய அலுப்பில் இன்னமும் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருக்கும் எங்கள் திரைப்படக் கழகத்தின் தலைவர் அவர்களே! அரங்கின் கதவையும் அன்பின் கதவையும் சேர்த்தே திறந்துவிட்ட பெரியவர்களே! படம் பார்க்க வந்த இடத்தில் பாதம் பதித்துக் காட்டிய தாய்மார்களே! இருட்டில் இருந்தே பழகி, இன்று வெளிச்சத்தில் வியர்த்து விறுவிறுத்து வீற்றிருக்கும் என் இனிய நண்பர்களே! மேடையின் ஓரத்தில், இரண்டு தகரப் பெட்டிகளுக்கு நடுவே, இசைத்தட்டைத் துணியால் துடைத்தபடி, ‘இந்தத் தம்பி என்ன உளறப் போகுதோ’ என்று என்னையே பார்த்துக்கொண்டிருக்கும் என் அண்ணி அவர்களே! உங்கள் அனைவருக்கும் கழகச் செயலாளன் என்ற முறையில் என் கனிவான வணக்கம்.

நன்றி சொல்ல என்னை அழைத்திருக்கிறார்கள். கடைசி வரிசையில் ஒருவர், “சுருக்கமா முடிங்க சார், நாங்க ஆடணும்” என்கிறார். ஐயா! இதே அரங்கில் நேற்றுவரை, ‘பேசாதீங்க, படம் ஓடுது’ என்றுதான் கேட்டிருக்கிறேன். ‘பேசாதீங்க, ஆடணும்’ என்று இன்றுதான் கேட்கிறேன். இந்த மாற்றம் எங்கிருந்து வந்தது? அதற்கு நன்றி சொல்லாமல் நான் எப்படி இறங்குவது?

ஒரு வாரமாக ஆப்பிரிக்கப் படங்களைப் பார்த்தோம். அழுதோம், வியந்தோம், வெளியே டீக்கடையில் நின்று விவாதித்தோம். நிறைவு நாளின் பிற்பகலில் அந்த மண்ணின் பழைய ஆட்டப் பாட்டுகளைப் போட்டு ஆடுவோம் என்று குழு முடிவு செய்தது. முடிவு சரி. ஆனால் முடிவு செய்தவர்கள் யார்? நாம்! திரையில் கடைசிப் பெயர் மறையும்வரை எழுந்திருக்காத நாம்! பக்கத்தில் ஒருவர் இருமினால் பரம விரோதியைப் பார்ப்பதுபோல் பார்க்கிற நாம்! அப்படிப்பட்ட நாம் ஆட்டத்துக்கு அரங்கை எப்படித் தயார் செய்தோம்? நாற்காலிகளை வரிசையாகப் போட்டோம்! திரைச்சீலையை இழுத்துவிட்டோம்! கதவைச் சாத்தினோம்! விளக்கை அணைத்தோம்! ஆட வந்தவர்கள் அமைதியாக அமர்ந்து, சுழலும் தட்டைச் சுவாரசியமாகப் பார்த்த கதை உலகத்தில் உண்டா? உண்டு, இந்த அரங்கில் உண்டு.

முதல் தட்டு சுழன்றது. கிதார் குதித்தது, கொம்புகள் கொஞ்சின, முரசு முழங்கியது. நீங்கள்? முகவாயில் கை வைத்து முனிவர்களாக இருந்தீர்கள். முன்வரிசையில் ஓர் அம்மா விரலால் மெல்லத் தாளம் போட்டார். “உஷ்!” என்று ஒரு குரல். யார் அது என்று கேட்கிறீர்களா? வேண்டாம், தலைவர் மேடையில் இருக்கிறார்.

பாட்டு முடிந்ததும் கைதட்டினீர்கள். மிக மரியாதையாகக் கைதட்டினீர்கள். அந்தக் கைதட்டலைக் கேட்டு நான் அண்ணியைத் திரும்பிப் பார்த்தேன். ஏன் என்று உங்களுக்குத் தெரியாது. ஆட்டம் தொடங்கும்முன் வெளியே சொல்லக் கூடாது என்று அண்ணி என்னிடம் வாக்கு வாங்கியிருந்தார். முதல் பெட்டித் தட்டுகள் முடிந்துவிட்டன, அண்ணி. இனிமேல் சொல்லலாம் இல்லையா?

அண்ணி செவிலியர். கல்யாணத்துக்கு முன், ஆப்பிரிக்கக் கடற்கரை நகரம் ஒன்றின் மருத்துவமனையில் வேலை பார்த்தவர். போய்ச் சேர்ந்த புதிதில் மொழி தெரியாது, முகம் தெரியாது. விடுமுறை நாளில் விடுதி அறையின் கட்டிலில் சுருண்டு படுத்து அழுதுகொண்டிருந்தாராம். உடன் வேலை பார்த்த பெண்கள் உள்ளே வந்தார்கள். ஆறுதல் சொன்னார்களா? இல்லை. அறிவுரை சொன்னார்களா? இல்லை. ஆளுக்கொரு கால் பிடித்து, கட்டிலை அண்ணியோடு சேர்த்துத் தூக்கி, நடைவழியில் கொண்டுபோய் வைத்தார்கள்! அறையில் இடம் கிடைத்ததும் இசைத்தட்டைப் போட்டு ஆடத் தொடங்கிவிட்டார்கள். “நடைவழியில படுத்துக்கிட்டு எவ்வளவு நேரம் அழ முடியும் தம்பி? வர்றவங்க போறவங்க எல்லாம் பார்க்கிறாங்க. வெட்கமாப் போச்சு. எழுந்து போய் ஆடிட்டேன்” என்பார் அண்ணி. அவர் ஊர் திரும்பியபோது, அந்தப் பெண்கள் தங்கள் தட்டுகளையெல்லாம் அள்ளிக் கொடுத்தார்கள். அவைதான் இந்த ஹைலைஃப், இந்த ரும்பா என்ற அந்த மண்ணின் ஆட்டப் பாட்டுகள், இந்த இரண்டு பெட்டி.

நோயாளிக்கு ஊசி போட்ட கை, வீட்டில் இசைத்தட்டுக்கு ஊசி வைத்தது. ஆனால் கேட்க யார் இருந்தார்கள்? என் அண்ணன் நல்லவர். பாட்டு தொடங்கியதும் தூங்கிவிடுவார். இப்போது இருவரும் மகனோடு சின்ன வீட்டுக்குக் குடிபோகிறார்கள். பெட்டிகளுக்கு அங்கே இடமில்லை. விழாவுக்குத் தட்டுகளைக் கேட்கப் போனேன். அண்ணி சமையலறையில் நின்றுகொண்டு சாதாரணமாகச் சொன்னார்.

“எடுத்துட்டுப் போங்க தம்பி. யாராவது ஒருத்தர் எழுந்து ஆடினா, இதுக்கு இன்னும் உயிர் இருக்குன்னு வச்சுக்குவேன். இல்லேன்னா, மறுநாள் காலையில பழைய சாமான் எடுக்கிறவர் வர்றார், அவர்கிட்ட போட்டுடுவேன்.”

“என்ன அண்ணி இப்படிப் பேசறீங்க? விஷயத்தைச் சொன்னா எல்லாரும் ஆடுவாங்களே!”

“சொல்லிடாதீங்க. சொல்லி ஆடினா அது எனக்காகப் படுற பரிதாபம். தானா கால் எழும்பணும்.”

கேட்டீர்களா? மைக்கைப் பிடித்தால் விடாத என்னிடம், வாயைத் திறக்காதே என்று சொல்லிவிட்டார்! இரண்டாவது தட்டும் முடிந்தது. நீங்கள் அசையவில்லை. மூன்றாவது முடிந்தது. அண்ணி தட்டை உறைக்குள் போடும்போது, அதை ஒரு முறை தடவிப் பார்த்ததை நான் பார்த்தேன். நான் எழுந்து ஆடலாமா என்றால், விஷயம் தெரிந்தவன் ஆடினால் அது கணக்கில் வருமா?

காப்பாற்றியது யார்? நம் பொருளாளர்! அவருடைய உடம்பைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை, நாற்காலியைக் கேளுங்கள். படத்தின் நடுவே யாரும் நாற்காலியை இழுத்துச் சத்தம் போடக் கூடாது என்று, ஒவ்வொரு வரிசையையும் அடியில் ஒரே பலகையில் ஆணி அடித்து இணைத்து வைத்திருக்கிறோம். அமைதிக்காக நாம் அடித்த ஆணி! அடுத்த பாட்டில் அந்த முரசு தொடங்கியது. பொருளாளருக்கே தெரியாமல் அவர் கால் தட்டத் தொடங்கியது. கால் தட்ட, நாற்காலி குலுங்கியது. நாற்காலி குலுங்க, பலகை குலுங்கியது. பலகை குலுங்க, வரிசையே குலுங்கியது! “யாருப்பா ஆட்டறது?” என்று திரும்பிய தலைவரின் தலையும் தாளத்தோடுதான் ஆடிக்கொண்டிருந்தது. “இந்தக் குலுக்கலுக்கு நின்னுடலாம்” என்று முன்வரிசை அம்மா எழுந்தார். எழுந்தவர் சும்மா நிற்கவில்லை. அவர் இடுப்பு அசைந்தது. அடுத்த வரிசை எழுந்தது. அரங்கமே எழுந்தது! வரிசைகளுக்கு நடுவே, முட்டி இடிபட, முழங்கை மோத, இடமில்லாத இடத்தில் ஆடினீர்களே! யாருக்காக ஆடினீர்கள்? யாருக்காகவும் இல்லை. கால் கேட்டது, ஆடினீர்கள். அதுதான், அதுவேதான் என் அண்ணி கேட்டது!

ஆடினோம் என்பது உங்களுக்குத் தெரியும். எதைக் காப்பாற்றினோம் என்பது இப்போதுதான் தெரிகிறது. என் குடும்பத்தில் நாங்கள் யாருமே செய்யாததை, பெயர்கூடக் கேட்காமல் நீங்கள் செய்தீர்கள். உங்களுக்கு நான் எந்த வார்த்தையில் நன்றி சொல்வது? நான் மேடையேறும் முன் அண்ணி என் சட்டையைப் பிடித்து இழுத்துச் சொன்னார்: “தம்பி, அந்தப் பழைய சாமான்காரருக்குப் போன் பண்ணி, வர வேணாம்னு சொல்லிடுங்க.” சொல்லிவிட்டேன். தலைவரோ, படச்சுருள் அடுக்கிய அலமாரி வருஷக்கணக்காகக் காலியாகக் கிடப்பதாக என் காதில் சொன்னார். இனி அந்தப் பெட்டிகளுக்கு அதுதான் வீடு. தலைவர் அவர்களே, உங்கள் ‘உஷ்’ஷை அண்ணி மன்னித்துவிட்டார்.

அரங்கம் தந்தவர்களுக்கு நன்றி. படங்கள் தந்தவர்களுக்கு நன்றி. பொருளாளரின் காலுக்குத் தனி நன்றி. தூர தேசத்தில், அழுத ஒரு பெண்ணைக் கட்டிலோடு தூக்கிய அந்த முகம் தெரியாத சகோதரிகளுக்கு, இந்த அவையின் சார்பில் கோடி நன்றி!

அண்ணி இரண்டாவது பெட்டியைத் திறந்துவிட்டார். இனியும் முட்டி இடிபட ஆடுவதா? ஆணி அடித்த வரிசையை ஒருவரால் தூக்க முடியாது. வரிசையே சேர்ந்தால் முடியும். எழுந்திருங்கள், ஆளுக்கொரு கால் பிடியுங்கள், நாற்காலிகளை நடைவழிக்குக் கொண்டுபோங்கள்! மேடையில் இருக்கும் தலைவர் எழுந்திருக்கவில்லை என்றால், அவரோடு சேர்த்தே தூக்குங்கள்! நான் கைகூப்பி வணக்கம் சொல்கிறேன். நீங்கள் காலால் பதில் சொல்லுங்கள். அண்ணி, ஊசியை வையுங்கள்!