ஒரகடத்தில் நான் ஆட்டாத தலை

ஓடுகிறோம். ஷெல் குண்டு கூவிக்கொண்டு வருகிறது. கூவல் நின்றால் நம் தலைக்கு மேல்தான். நிற்கிறது.

"படு! குப்புறப் படு!" அண்ணன் கத்துகிறான்.

மண் கொட்டியது. நான் எழுந்தேன். அப்பா எழவில்லை. செவ்வாய்க்கிழமை, காலை ஆறே முக்கால். எனக்குப் பதினொரு வயது. ஆறாம் வகுப்போடு படிப்பு முடிந்தது.

மூன்றாம் நாள் ராணுவத்திடம் போய்ச் சேர்ந்தோம். நீள வரிசை. ஜீப்பில் சாக்கால் முகம் மூடிய ஒருவன். கண்ணுக்கு இரண்டு ஓட்டை. ஆளைக் காட்டிக்கொடுக்கும் அவனைத் தலையாட்டி என்போம். அவன் முன்னால் ஒவ்வொருவராக நடக்க வேண்டும். சாக்கு அசையாவிட்டால் போகலாம். அண்ணன் நடந்தான். சாக்கு ஒருமுறை அசைந்தது. இழுத்துப் போனார்கள். அவன் எந்த ஆயுத இயக்கத்திலும் இல்லை. யாரிடம் போய்ச் சொல்ல? சாக்குக்கு முகம் இல்லை.

பிறகு கடல் தாண்டி இந்தப் பக்கம். அகதி முகாம். இப்போது ஒரகடத்தில் கம்பெனி வேலை, சுங்குவார்சத்திரத்தில் அறை. நான் பயந்தவள். படுக்கும் முன் தாழ்ப்பாளை மூன்று முறை பார்ப்பேன்.

கேட்டில் முகம் பார்க்கும் மெஷின் வைத்தார்கள். மாரியின் லைன் முதலில் முகத்தைப் பதியக் கொடுத்தது. எங்கள் லைனுக்கு இன்னும் கார்டுதான். மாரி என் அறைக்காரி, திருநெல்வேலிப் பெண். கம்பெனி பஸ்ஸில் நின்றே வர முடியாது என்று போன மாதம் கேட்டில் மறியலுக்கு உட்கார்ந்தவர்களில் அவளும் ஒருத்தி. மறுநாள் மெஷின் முன் நின்றாள். வழக்கமாக ஒரு 'டிக்', பச்சை. அன்று சத்தமே இல்லை. சிவப்பு.

"சிஸ்டம் எடுக்கலம்மா. நான் இன்னா பண்றது?" என்றார் சூப்பர்வைசர். யார் தடுத்தது என்று மாரி கேட்டுக்கொண்டே நின்றாள். அன்றோடு வேலை போனது; தடுத்தவர் என்று ஒரு ஆள் இல்லை.

திங்கட்கிழமை எங்கள் முறை. சூப்பர்வைசர் போனை நீட்டினார். வட்டத்துக்குள் என் முகம். கீழே எழுத்து: தலையை மேலும் கீழும் ஆட்டவும்.

 நான் கேட்டேன். படத்தை யார் யார் பார்ப்பார்கள், வேலையை விட்டால் அழிப்பார்களா என்று. பின்னால் ஒருத்தி, "ஏய் சிலோனு, ஆட்டிட்டு வாடி, ஷிஃப்டுக்கு டைம் ஆவுது" என்றாள். சிரித்தார்கள்.

"செல்ஃபி எடுக்கிறல்ல? அத்த மாதிரிதான் இதுவும்," என்றார் சூப்பர்வைசர்.

"அது நான் எடுக்கிறன் அண்ணே. பிடிக்காட்டி நானே அழிக்கிறன். இதை ஆர் அழிப்பினம்?"

 அவர் போனை இன்னும் கிட்டே கொண்டுவந்தார்.  நான் கழுத்தை அசைக்கவில்லை. கார்டைக் காட்டினேன், கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். கார்டைப் பிடுங்கிக்கொண்டார். சிரிப்பு நின்றது.

போனவை: அப்பா. அண்ணன். ஆறாம் வகுப்புக்கு மேல் படிப்பு. மாரியின் வேலை. திங்கட்கிழமை காலை ஏழு இருபதுக்கு என் வேலை. ஐந்து.

முகம் அந்தக் கணக்கில் இல்லை. அது என்னிடம் இருக்கிறது.